மூக்கு வழியாகப் பிட்யூட்டரி ஒப்பரேசன்: கட்டி போய்விட்டது, மூக்கு எப்போது திரும்பி வரும்?

வாவிக்கரை வாத்தியார் (கல்லடி) | மே 4, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் 27ஆம் தேதி கொழும்பில் எனக்கு, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி என்ற சின்ன ஹோர்மோன் சுரப்பியில் வந்த கட்டியை எடுத்தார்கள். 24 மில்லிமீட்டர். ஹோர்மோன் எதையும் கூடுதலாகச் சுரக்காத வகைதான், ஆனால் மேல்நோக்கி வளர்ந்து கண் நரம்பை அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. கரும்பலகையின் இரண்டு ஓரமும் தெரியவில்லை என்று மாதக்கணக்காகக் கண்ணாடியைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். கல்லடிப் பாலத்தில் பக்கத்தில் வந்த முச்சக்கரவண்டியை மோட்டார் சைக்கிளால் உரசிய பிறகுதான் கண் டொக்டரிடம் போனேன், அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்த அன்றைக்கே வார்டின் இரண்டு பக்கச் சுவரும் தெரிந்தது. அந்த விஷயத்தில் டொக்டர்மாருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

நான் கேட்க வந்தது மூக்கைப் பற்றி. தலைக்குள் என்ன செய்யப் போகிறோம் என்று படம் கீறி விளங்கப்படுத்தினார்கள், மூக்குக்கு "கொஞ்ச நாள் அடைத்த மாதிரி இருக்கும்" என்ற ஒரு வசனம்தான். இப்போது ஆறாவது கிழமை நடக்கிறது. காலையில் எழும்பினால் தொண்டைக்குள் பழுப்பும் பச்சையுமாய் ஏதோ ஒன்று இறங்குகிறது. மூக்குக்குள் பொருக்குக் கட்டி மூச்சு விட்டால் விசில் மாதிரிச் சத்தம். மூக்கு நாறுகிறதாம், அதுவும் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு மணமே இல்லை. மேல்வரிசை முன்பல் இரண்டும் மரத்துப்போய் வேறு யாருடைய பல்லோ மாதிரி இருக்கிறது. வாயால் மூச்சு விட்டுத் தூங்குவதால் விடியும்போது நாக்கு கருவாடு.

துண்டில் எழுதியிருந்தது "மூக்கைச் சீற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம்" என்று மட்டும். போன் எடுத்துக் கேட்டால் "கிளினிக்கில் பார்ப்போம்" என்கிறார்கள், கிளினிக் ஜூன் 12. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா? இதெல்லாம் வழமையா? இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) | மே 4, இரவு 10.40

சேர், நான் போய் வந்தவள். எனக்கு வளர்ச்சி ஹோர்மோன் கூடுகிற அக்ரோமெகலி. கலியாண மோதிரம் விரலில் ஏறாமல் வெட்டித்தான் எடுத்தது, செருப்பு 6இலிருந்து 8க்குப் போனது. ஒப்பரேசன் முடிந்து இரண்டு வருடமும் சொச்சமும்.

ஒரு கேள்வி. உங்களுக்கு மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வு எடுத்து ஒட்டினார்களா? ஆஸ்பத்திரியில் தந்த கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பார்கள், பாருங்கள். கட்டி எடுக்கும்போது மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்தால், அந்த ஓட்டையை மூட நடுச்சுவரின் உட்சவ்வை ஒரு பக்கம் இரத்தக்குழாயோடு விட்டு, மற்றப் பக்கம் உரித்து, கதவு மாதிரித் திருப்பிக் கொண்டுபோய் ஒட்டுவார்கள். எனக்கு அதோடு தொப்புளுக்குப் பக்கத்தில் வெட்டிக் கொஞ்சம் கொழுப்பும் எடுத்து அடைத்தார்கள். சவ்வு போன இடத்தில் குருத்தெலும்பு வெறுமையாக நிற்கும். சைக்கிளில் விழுந்து முழங்கால் உரிந்தால் பொருக்குக் கட்டாதா, அதுபோலத்தான் இதுவும், என்ன, அந்த முழங்கால் உங்கள் மூக்குக்குள் இருக்கிறது, அதன் மேல் நாள் முழுக்கக் காற்று அடிக்கிறது. புதுச் சவ்வு ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து மூடும்வரை பொருக்கு வந்துகொண்டேதான் இருக்கும். சவ்வு எடுக்காதவர்கள் ஆறு கிழமை, இரண்டு மாதத்தில் ஓரளவு தேறிவிடுகிறார்கள். எடுத்தவர்களுக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதமும் போகும். எனக்கு ஐந்து மாதம்.

பல் மரத்ததைப் பற்றிப் பயப்படாதீர்கள். நடுச்சுவர் அடியால் முன்பல்லுக்குப் பின்பக்க அண்ணத்துக்கு ஒரு நரம்பு போகிறது, அது இடிபட்டிருக்கும். என்னுடையது கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது.

பொருக்கை விரல் விட்டுக் கிண்ட வேண்டாம். கை அரிக்கும், எனக்குத் தெரியும். வேண்டாம் கா.


வாவிக்கரை வாத்தியார் | மே 5, காலை 5.50

அக்கா, கொப்பியைப் பார்த்தேன். வலது பக்கம் சவ்வு எடுத்து ஒட்டியதாகத்தான் எழுதியிருக்கிறது. ஆறு கிழமையாக அந்தக் கொப்பி என் பையில்தான் கிடந்தது, வாசிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கேள்வியை இரண்டு தரம் வாசி என்று சொல்கிற ஆள் நான்.


வார்ட் மிஸ் (மட்டக்களப்பு) | மே 5, பிற்பகல் 2.15

சேர், நான் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பல வருடம் வேலை செய்த தாதி. டொக்டர் இல்லை. உங்களை வெட்டிய டொக்டரின் சொல்தான் முதலாவது, அதனால் கழுவத் தொடங்குவதற்கு முன் அந்த வார்டுக்கு ஒரு தரம் அழைப்பெடுத்து "சவ்வு ஒட்டின ஆள், ஆறாம் கிழமை, சேலைனால் கழுவலாமா" என்று இந்த வசனத்தையே சொல்லிக் கேளுங்கள். சும்மா "மூக்கு அடைக்கிறது" என்றால் கிளினிக் என்றுதான் பதில் வரும்.

பொதுவாக முதல் இரண்டு கிழமை வெறும் சேலைன் ஸ்பிரே மட்டும்தான். மறுகா, ஒட்டினது பிடித்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு, கூடுதலான தண்ணீர் விட்டுக் கழுவுவது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வடித்தாலும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் அப்படியே வேண்டாம். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்ததுதான். குடித்தால் வயிற்று அமிலம் கொன்றுவிடுகிற கிருமிக்கு மூக்கின் மேல் பகுதி திறந்த வாசல், அதுவும் உங்களுக்கு அங்கே புதிதாக ஒட்டின இடம் வேறு இருக்கிறது.

240 மில்லிக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. நம் கடைகளில் வருகிற பக்கெட் உப்பில் அயடின் சேர்த்திருக்கும், அது சிலருக்கு எரியும். அயடின் இல்லாத உப்புத் தேடி அலைவதைவிட, பாமசியில் 0.9 வீத சேலைன் போத்தல் ஒன்று வாங்கினால் அளவுச் சண்டையே இல்லை. ஊசி கழற்றின 20 மில்லி சிரிஞ்ச் போதும். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், குளிராக விட வேண்டாம். மெதுவாக, வாயைத் திறந்துகொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து. சிரிஞ்சை அமுக்கிப் பீச்சியடிக்க வேண்டாம், கோழிக்கூடு கழுவவில்லை நாங்கள்.

இப்போது கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இந்த வறண்ட காற்றில் சும்மா இருக்கிற மூக்கே காய்ந்துவிடும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துப் படுக்காதீர்கள்.


மூலிகைப் பிரியன் (செங்கலடி) | மே 5, மாலை 6.30

இவ்வளவு சிரமம் எதற்கு? நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு மூன்று நாள் வேது பிடித்தால் பொருக்கெல்லாம் இளகி விழும். இரவில் இரண்டு துளி நல்லெண்ணெய். எங்கள் அப்பப்பா காலத்து வைத்தியம்.


வார்ட் மிஸ் | மே 5, மாலை 7.05

தம்பி, தடிமனுக்கு உங்கள் அப்பப்பா சொன்னது சரியாக இருக்கலாம். இது தடிமன் இல்லை. சூட்டு ஆவி போனால் இரத்தக்குழாய் விரியும், இந்தக் கிழமைகளில் இரத்தம் கொட்ட வைக்க அது போதும். எண்ணெய் மூக்கிலேயே நிற்காது, படுத்தால் சுவாசப்பைக்கு இறங்கும். இரண்டையும் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.


வெற்றிலைத்தோட்டம் | மே 5, இரவு 8.20

இரத்தம் என்றதும் ஞாபகம் வந்தது. எனக்கு 11ஆம் நாள், வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தேன், இடியப்பம் பிழிந்துகொண்டு இருந்த அம்மாவுக்குக் கைகொடுக்கப் போய் உரலை இரண்டு அழுத்து அழுத்தினேன். வடிந்தது என்று சொல்ல மாட்டேன், ஊற்றியது. மூக்கைப் பொத்தினால் வாயால் வந்தது. ஏனென்றால் அது முன்மூக்கு இரத்தம் இல்லை, பின்னால் நடுச்சுவருக்குப் போகிற குழாய். இந்த ஒப்பரேசனில் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து இப்படி நடப்பது உண்டாம், எனக்கு அது அம்புலன்சில் வைத்துத்தான் சொன்னார்கள். முன்னால் குனிந்து உட்கார்ந்து, விழுங்காமல் துப்பிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரி. வேறு கைமருந்து இல்லை. இடியப்ப மா கையோடு காய்ந்துபோய் இருந்தது, வார்டில் ஒரு மிஸ் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட்டார்.


நிந்தவூரான் | மே 6, இரவு 11.15

எல்லோருக்கும் சலாம். நானும் இந்தக் கட்சிதான், ஒப்பரேசன் முடிந்து 8 மாதம். வாத்தியார், அக்கா, நீங்கள் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது தொழுகை. வுழூவில், அதாவது தொழ முன் கைகால் முகம் கழுவும்போது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்த வேண்டும், சுஜூதில் குனிந்து நெற்றி தரையில் பட வேண்டும். இரண்டும் இந்த ஒப்பரேசனுக்கு நேர் எதிர். உறிஞ்சுவதும் கூடாது, சிந்துவதும் கூடாது, தலையை இடுப்புக்குக் கீழே இறக்குவதும் கூடாது. டொக்டர் சிங்களவர், நல்ல மனிசன், ஆனால் "குனிய வேண்டாம்" என்று அவர் சொன்னபோது ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பள்ளி மௌலவியிடம் கேட்டேன். மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது எங்கள் மத்ஹபில் (சட்டப் பிரிவில்) சுன்னத்துத்தான் (செய்தால் நல்லது), பர்ளு (கட்டாயம்) இல்லை, விட்டால் வுழூ கூடும், கதிரையில் இருந்து சைகையால் தொழலாம் என்றார். இரண்டு மாதம் அப்படித்தான் தொழுதேன். கடைசி வரிசையில் கதிரை போட்டு இருக்கிற வயசாளிகள் "என்ன மகன், முழங்காலா" என்று கேட்பார்கள். மூக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்து ஓம் முழங்கால்தான் என்றேன். இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற நொண்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விளையாட்டில்லை. வீடு வந்த பிறகு, 7ஆம் நாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் செவ்விளநீர் கொண்டுவந்தார்கள், வெயில்தானே என்று ஒரு நாளைக்கு ஐந்து ஆறு குடித்தேன், அதற்கு மேல் தண்ணீர். அன்று பின்னேரம் வயிற்றைப் பிரட்டியது, தலையிடி, ராத்தாவின் (அக்காவின்) பெயர் நாக்கில் வரவில்லை. மூக்கு அடைத்ததால் வந்த தலையிடி என்று எல்லோரும் நினைத்தோம். இரத்தம் பார்த்தால் சோடியம், அதாவது உப்பு, 121, மிகவும் குறைவு. பிட்யூட்டரியைத் தொட்ட பிறகு 4ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரைக்கும் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஹோர்மோன் தாறுமாறாக வெளியே வரலாமாம், அப்போது தண்ணீர் குடிக்கக் குடிக்க இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். மருந்து என்ன தெரியுமா? நாலு நாள், ஒரு நாளைக்கு ஒரு லீட்டருக்கு மேல் ஒன்றும் குடிக்கக் கூடாது. வாயால் மூச்சு விடுகிற ஆளுக்கு, அந்த வெக்கையில். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆகவே அந்தப் பத்து நாளில் தலையிடி, குமட்டல், தடுமாற்றம் என்றால் மூக்கைக் குறை சொல்லாமல் இரத்தத்தைப் பாருங்கள்.


திருக்கோவில் மகள் | மே 7, காலை 9.30

வணக்கம். எங்கள் அம்மாவுக்கு அடுத்த மாதம் இதே ஒப்பரேசன். இதை வாசித்து இரவு தூக்கம் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டது நல்லது என்று நினைக்கிறேன். நிந்தவூர் நானா, எதிர்மாறாகச் சிலருக்கு ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்கிறார்களே, அது என்ன?


நிந்தவூரான் | மே 7, பகல் 12.50

ஓம் தங்கச்சி, அதே ஹோர்மோன் குறைந்தால் அப்படி வரும். பச்சைத் தண்ணீர் மாதிரி மணிக்கணக்காகப் போகும், தாகம் அடங்காது. என் பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்தது. அந்த ஹோர்மோனுக்கு ஈடான டெஸ்மோபிரெசின் என்ற மருந்து, மூக்கில் அடிக்கிறது கொடுத்தார்கள், வேலை செய்யவில்லை. மூக்கு முழுக்கப் பொருக்கு, மருந்து எப்படி உள்ளே போகும்? மறுகா மாத்திரைக்கு மாற்றினார்கள், அன்றிரவே மனிசன் தூங்கினார். அம்மாவுக்குத் தேவைப்பட்டால் இதைக் கேட்டு வையுங்கள். ஒவ்வொரு நாளும் குடித்ததையும் போனதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். உடம்பில் குறைந்த ஹோர்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகோர்ட்டிசோன் மாத்திரை தந்தால் நீங்களாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்டச் சொல்வார்கள், எவ்வளவு என்று வீட்டுக்கு வர முன்னமே கேட்டு எழுதுங்கள்.


தயிர்ச்சட்டி (சித்தாண்டி) | மே 8, இரவு 10.05

நான் மருத்துவ பீடத்தில் படிக்கிறேன், நோயாளி இல்லை, சும்மா வாசித்துக்கொண்டு இருக்கிறேன். 1907இல் இன்ஸ்புரூக்கில் ஷ்லோஃபர் என்ற டொக்டர்தான் மூக்குப் பக்கத்தால் போய்ப் பிட்யூட்டரிக் கட்டியை முதன்முதலில் எடுத்தார். மூக்குப் பக்கத்தால் என்றால் மூக்கையே வெட்டி ஒரு பக்கம் சரித்து வைத்துவிட்டு. அதற்குப் பிறகு ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு உள்ளே வெட்டிப் போனார். 4 மில்லிமீட்டர் கமராக் குழாயை மூக்குத் துவாரத்தால் விட்டு வெளியே ஒரு வெட்டும் இல்லாமல் செய்வது 1990களில்தான் பரவியது. முகத்தில் தழும்பில்லை, அதனால்தான் "என்ன சேர், ஒப்பரேசன் செய்த மாதிரியே இல்லையே" என்று எல்லோரும் கேட்பார்கள்.


வாவிக்கரை வாத்தியார் | மே 8, இரவு 10.30

கேட்டார்கள் தம்பி. அதிபரே கேட்டார். மெடிக்கல் லீவை நீட்டுவதற்கு மூக்கைத் திறந்தா காட்ட முடியும்?

வார்டில் கேட்டுவிட்டேன், கழுவலாம் என்றார்கள். மிஸ் சொன்ன வசனம் அப்படியே வேலை செய்தது. இன்று இரண்டாம் தரம் கழுவியபோது ஒன்று வந்து விழுந்தது பாருங்கள், கச்சான் கடலைக் கோது மாதிரி வளைந்து, உள்பக்கம் இரத்தக் கறை. மனைவி "ஐயோ" என்றாள். எனக்கு என்னவோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது.


வாவிக்கரை வாத்தியார் | மே 20, காலை 9.05

அவசரம். பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். இப்போதுதான் விழுந்த வெண்கட்டியை எடுக்கக் குனிந்தேன், வலது மூக்கால் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. தெளிந்த தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி இருக்கும். உதட்டில் உப்புக் கரித்தது. இது மூளைத் தண்ணீரா?


வெற்றிலைத்தோட்டம் | மே 20, காலை 9.09

எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


வார்ட் மிஸ் | மே 20, காலை 9.14

போங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். திரும்பவும் வந்தால் மூடியுள்ள சுத்தமான சின்னப் போத்தலில் பிடியுங்கள். உறிஞ்ச வேண்டாம், சீற வேண்டாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்ணைக் குத்துவது இருந்தால் போனவுடன் அதை முதலில் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கழுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.


மூலிகைப் பிரியன் | மே 20, காலை 11.40

வாத்தியார் என்ன ஆச்சு? யாருக்காவது தெரியுமா?


வாவிக்கரை வாத்தியார் | மே 21, இரவு 8.00

வந்துவிட்டேன். பயப்பட வேண்டியதில்லை.

காது மூக்கு டொக்டர் கதிரையில் இருத்தி, தலையை முழங்காலுக்கு நடுவில் தொங்கவிட்டு, கீழே ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார். நான் தவணைப் பரீட்சையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பேனே, அப்படி ஒரு மிஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் இரண்டு சொட்டு வந்தது, அதோடு நின்றுவிட்டது. மறுகா கமரா விட்டுப் பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பாய் ஒரு குகை, அதன் பின்சுவரில் ஒட்டின சவ்வு, ஓரமெல்லாம் பிடித்திருக்கிறது, ஒரு கசிவும் இல்லை.

பிறகு அவர் கேட்டது மிஸ் இங்கே கேட்ட அதே கேள்வி. காலை 6.30க்குக் கழுவினேன். கட்டிக்குப் போக ஸ்பீனொயிட் என்கிற எலும்புக் குகையின் வாசலைப் பெரிதாக உடைத்து வைத்திருக்கிறார்கள், கழுவுகிற சேலைன் அதற்குள் போய்த் தேங்கி நின்று, இரண்டரை மணித்தியாலம் கழித்துக் குனிந்தவுடன் கொட்டியிருக்கிறது. உப்புக் கரித்தது நான் கலந்த உப்பு!

ஆனால் நான் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்தது சரிதான் என்றார். கழுவாத நேரத்தில், ஒரே பக்கத்தால், குனிந்தால் கூடுகிற தெளிந்த நீர் வந்தால் இரவு பகல் பார்க்காமல் வரச் சொன்னார். அந்தச் சொட்டைப் பீட்டா 2 ட்ரான்ஸ்ஃபெரின் என்ற ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், அது மூளைநீரில் இருக்கும், சளியில் இராது. இப்போது கழுவி முடித்தபின் குனிந்து தலையை இடமும் வலமும் சாய்த்து வடியவிடுகிறேன். குனிய அனுமதி தந்துவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பாவம். சேருக்கு மூளை உருகி மூக்கால் வருகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கதை.


நிந்தவூரான் | மே 21, இரவு 8.25

அல்ஹம்துலில்லாஹ். கணக்கு வாத்தியாருக்கு மூளை உருகினால் பிள்ளைகளுக்குப் பெருநாள்தானே.


திருக்கோவில் மகள் | மே 22, காலை 7.10

தும்மல் வந்தால் என்ன செய்வது? அம்மாவுக்கு மிளகாய் தாளித்தாலே பத்துத் தும்மல்.


வார்ட் மிஸ் | மே 22, பகல் 1.30

அடக்கக் கூடாது மகள், மூக்கைப் பொத்தவே கூடாது. வாயை ஆவென்று திறந்து, சத்தம் போட்டுத் தும்ம வேண்டும், அமுக்கம் வாயால் போய்விடும். இப்போதிருந்தே பழக்குங்கள், தும்மல் வந்த பிறகு யோசிக்க நேரம் இராது. ஒன்றரை மாதத்துக்கு அம்மா அடுப்படிப் பக்கம் வேண்டாம், நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தியும் வேண்டாம். தலைக்கு இரண்டு தலையணை. மலம் கழிக்க முக்கக் கூடாது, அதற்குப் பாணி மருந்து தருவார்கள், வெட்கப்படாமல் குடிக்க வைக்க வேண்டும். முக்கினால் தலைக்குள் ஏறுகிற அமுக்கம் தும்மலுக்குக் குறைந்ததில்லை. ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சிக் குடிப்பதும் வேண்டாம்.


வாவிக்கரை வாத்தியார் | ஜூன் 1, இரவு 9.40

பொருக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. மணம்தான் இல்லை. வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்து காஸ் வந்துகொண்டு இருந்திருக்கிறது, பக்கத்தில் நின்று பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கிறேன். நேற்று என் சொந்த அக்கா வீட்டில் இறால் குழம்பு. நாக்குக்கு உப்பு, புளி, உறைப்பு மூன்றும் தெரிகிறது, இறால் என்பது கண்ணுக்கு மட்டும். இது வருமா?


வெற்றிலைத்தோட்டம் | ஜூன் 1, இரவு 10.15

பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. சிலருக்கு முழுக்க வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னை மணப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஜேர்மனியில் ஹும்மெல் என்ற டொக்டர் 2009இல் எழுதிய முறையாம். ரோசா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு. காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகர வேண்டும், இழுத்து உறிஞ்சக் கூடாது, ஆகக் குறைந்தது 12 கிழமை. நான் எலுமிச்சைக்குத் தேசிக்காய்த் தோல், ரோசாவுக்குக் கோயில் பன்னீர்ப் போத்தல். முகரும்போது அந்த மணம் எப்படி இருந்தது என்று மனதில் நினைக்க வேண்டும். முதல் ஒன்றரை மாதம் நாலும் ஒன்றுதான், வெறும் காற்று. பிறகு கராம்பு வந்தது, ஆனால் ரப்பர் எரிகிற மணமாக. அதுவும் நல்ல அறிகுறிதானாம்.

காஸ் சிலிண்டரை இரவில் கையால் தொட்டுப் பூட்டுங்கள். மிச்சச் சோற்றை மனைவி மணந்து பார்க்காமல் சாப்பிடாதீர்கள்.


வாவிக்கரை வாத்தியார் | ஜூன் 13, காலை 10.20

கிளினிக் போய் வந்தேன். ஆனால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். 11ஆம் தேதி இரவு கொழும்பு பஸ்ஸுக்குப் பஸ்நிலையத்தில் நின்றேன், ஒரு பஸ் பின்னால் எடுத்து என் முகத்துக்கு நேரே புகையைக் கக்கியது, டீசல்! இடது மூக்கில் டீசல்! முதல் வந்த மணம் மல்லிகையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, டீசலும் மணம்தான். மனைவி புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், நான் இன்னும் ஒரு தரம் விடமாட்டானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கிளினிக்கில் உள்ளே பக்கச் சுவரும் நடுச்சுவரும் ஒரு இடத்தில் ஒட்டத் தொடங்கியிருக்கிறது என்று பிரித்துவிட்டார்கள். மரக்கும் மருந்து போட்டார்கள், என்றாலும் கண்ணால் தண்ணீர் வந்தது. பொருக்கை அப்படியே விட்டால் இப்படி ஒட்டிக்கொள்ளுமாம், அதனால்தான் கழுவுவதை நிறுத்த வேண்டாம் என்கிறார்கள். விசில் சத்தம் பொருக்கினால்தான், நடுச்சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. எம்ஆர்ஐயில் கட்டி மிச்சமில்லை.


திருக்கோவில் மகள் | ஜூன் 24, இரவு 7.45

அம்மாவுக்கு ஒப்பரேசன் முடிந்து ஐந்தாம் நாள். நீர் கசியவில்லை, சவ்வு எடுக்கவில்லையாம். சோடியம் இன்று பார்த்தார்கள், 138, சரியான அளவு. அதைப் பற்றி நாங்களாகவே கேட்டது டொக்டருக்கு ஆச்சரியம், நான்தான் முந்தின நாளே மூன்று தரம் கேட்டுவிட்டேன். தும்மல் வந்தது, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆவென்று கத்தித் தும்மினார். இளநீர் கொண்டுவந்த மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார்.


வாவிக்கரை வாத்தியார் | ஜூலை 18, இரவு 9.00

மிஸ், ஒரு கேள்வி. ஆடி அமாவாசை வருகிறது. அப்பா இறந்ததிலிருந்து ஒரு வருடமும் மாமாங்கக் கோயில் தீர்த்தம் தவறியதில்லை. நாலு மாதம் ஆகிவிட்டது. குளத்தில் முழுகலாமா?


வார்ட் மிஸ் | ஜூலை 18, இரவு 9.50

இந்த வருடம் தலை தண்ணீருக்குள் போக வேண்டாம் சேர். அன்றைக்கு அந்தக் குளத்தில் எத்தனை ஆயிரம் பேர் இறங்குவார்கள், மூக்கால் ஒரு வாய் ஏறினால் போதும். படியில் நின்று செம்பால் தோளுக்கு ஊற்றுங்கள். அப்பா கோபிக்க மாட்டார்.


வாவிக்கரை வாத்தியார் | ஜூலை 25, காலை 6.40

நேற்றுப் போனேன். கடைசிப் படிக்கு மேல் நின்றேன், மனைவி செம்பால் ஊற்றினாள், பக்கத்தில் சின்னப் பெடியன்கள் முழுகி எழும்பி மூக்கைச் சீறிக்கொண்டு நிற்கிறார்கள், பார்க்கப் பொறாமையாக இருந்தது. கரையில் கற்பூரம் எரித்தார்கள். இடது மூக்கில் கற்பூரம் நன்றாகத் தெரிந்தது. வலது பக்கம், சவ்வு எடுத்த பக்கம், இன்னும் ஒன்றும் இல்லை. இடதைப் பொத்திப் பார்த்தேன், வெறும் காற்று.


வெற்றிலைத்தோட்டம் | ஜூலை 25, காலை 8.15

எனக்கும் சவ்வு எடுத்த பக்கம் பத்தாம் மாதம்தான் வந்தது. தோட்டத்தில் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டு இருந்தபோது.


வாவிக்கரை வாத்தியார் | ஜூலை 25, காலை 8.22

அப்போ இன்னும் ஆறு மாதம். சரி அக்கா. தேசிக்காய்த் தோல் முடிந்துவிட்டது, சந்தைக்குப் போகிறேன்.